வெளுக்காத கண்

கண் பொருத்திக்கொள்ள வருகிறவர்கள் வேறு எதைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் எழுந்து போனதில்லை. இராக்காவல் வேலை பார்க்கிறவர் கேட்டார். கணக்கு வாத்தியார் கேட்டார். மலை மாதிரி இருந்த குஸ்திக்காரர் ஒருவர், முன்னறையில் யாரும் இல்லை என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார்.

"இந்தக் கண்ணு அழுமாங்க?"

முப்பத்தைந்து வருடமாகக் கண்ணுக்காரர் சொல்லும் பதில் ஒன்றுதான். "தாராளமா அழும். நீங்க அழுதா அதுவும் சேர்ந்து அழும். பயப்படாம அழுங்க."

ஆறுதலுக்காகச் சொல்கிற பேச்சு இல்லை இது. கண்ணீர் சுரக்கிற இடம் கண்ணுக்குள் கிடையாது, மேல் இமைக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணை எடுத்தாலும் அது அங்கேயே இருக்கும். கண் போன விஷயமே கண்ணீருக்குத் தெரியாது, தன் வேலையைத் தன் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவர் இன்னொன்றும் சொல்வார். "ஈரம் இல்லேன்னா இது வெறும் பொத்தான். ஈரம் பட்டாதான் கண்ணு."

தெருவில் அவருக்குக் கண்ணுக்காரர் என்றே பெயர். செருப்புக்கடை மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் மூன்று நாற்காலிகளும், அவற்றைவிட அதிக இடம் பிடித்துக்கொண்டு முன்னறை அக்காவும் இருப்பார்கள். வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்வது அந்த அம்மாளின் வேலை. ஊர்க்கதை பேசுவது சம்பளம் இல்லாத வேலை. உள்ளறையில் ஜன்னலோரம் சாயும் நாற்காலி ஒன்று, வேலை மேஜை, அதன் ஓரத்தில் சாணைச் சக்கரம். மருத்துவமனையில் கண்ணை எடுத்துக் காயம் ஆறியவர்கள் இங்கே வருவார்கள். கண் இருந்த குழியில் மாவு வைத்து அச்சு எடுப்பார். மெழுகில் வடிவம் பார்ப்பார். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, சின்னத் தகட்டில் கருவிழி வரைந்து பதித்து, வெள்ளை விழியில் ஓடும் நரம்புகளுக்குச் சிவப்புப் பட்டுநூலைப் பிரித்து ஒவ்வொரு இழையாக ஒட்டுவார். எல்லாவற்றுக்கும் மேலே தெளிவான பிளாஸ்டிக் ஒரு படலம் போட்டு, வெந்நீரில் இறுக்கி, சக்கரத்தில் மெருகேற்றினால் கண் தயார். அந்த இராக்காவல்காரரின் நல்ல கண் எப்போதும் தூக்கமில்லாமல் சிவந்தே இருந்ததால், ஜோடி சேரட்டும் என்று இன்னும் நாலு இழை சேர்த்து வைத்தார். ஆறு மாதத்தில் அந்த மனுஷன் பகல் வேலைக்கு மாறி, நன்றாகத் தூங்கி எழுந்து, ஒன்று வெளுப்பும் ஒன்று சிவப்புமாக வந்து நின்றார். முன்னறை அக்கா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் சிரித்தாள்.

தொழிலில் அவருக்கென்று ஒரு பழக்கம் உண்டு. கண்ணைப் பொருத்தி முடித்ததும் கைக்கண்ணாடியை வந்தவர் மடியில் வைப்பார், துடைக்கும் துணியைப் பக்கத்தில் வைப்பார், எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுவார். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் குஸ்திக்காரர் அழுத அழுகை செருப்புக்கடை வரை கேட்டது. வந்தவர்கள் எல்லோரும் அழுவார்கள். கண் போன அன்று அழாதவர்கள்கூட, இரண்டு கண்ணோடு தங்கள் முகத்தை மறுபடி பார்க்கும்போது உடைந்துவிடுவார்கள். மற்றவர்கள் மனசு தெரிந்து விலகி நிற்கிறாரே, எவ்வளவு பெரிய மனுஷன் என்று முன்னறை அக்கா எல்லோரிடமும் சொல்லுவாள்.

உண்மை அது இல்லை. அவரால் அழுகைச் சத்தத்தைக் கேட்க முடியாது. அந்தப் பத்து நிமிடமும் அவர் படிக்கட்டில் பாதி இறங்கி, தெருவின் இரைச்சல் அழுகையை மூடும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டிருப்பார்.

எத்தனை படி இறங்கினாலும் ஒரு அழுகை மட்டும் கூடவே வந்தது. சாணைச் சக்கரத்தை நிறுத்தினால் அது உடனே நிற்காது. வேகம் குறைந்து, ஓசை இளைத்து, கீச்சென்று மெலிந்துகொண்டே போகும். அந்த மெலிவுக்குள் ஒரு குழந்தை அழும். அழுதுகொண்டிருக்கும்போதே, நடு மூச்சில், யாரோ வாயைப் பொத்தியது போல் நின்றுவிடும். மோட்டாரை இரண்டு முறை மாற்றினார். பெல்ட்டை மாற்றினார். பழுது பார்க்க வந்தவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு குறையும் இல்லையே, நீங்கள் எதற்கு வீண் செலவு செய்கிறீர்கள் என்று திட்டிவிட்டுப் போனார். புது மோட்டாரும் முதல் நாளே அழுதது.

இன்னொன்று, மேஜையின் கீழ் இழுப்பறை. அதில் பஞ்சு விரித்த ஐந்து சிறு பெட்டிகள். ஐந்திலும் ஐந்து பழைய கண்கள், எல்லாம் ஒரே ஆளுடையவை. ஒன்பது வயதுக் கண், பதினொன்று, பதினாலு, பதினெட்டு, இருபத்து மூன்று. வளர வளரக் குழி பெரிதாகும், கண்ணை மாற்ற வேண்டும். அவர் அவற்றைக் குப்புறக் கவிழ்த்து வைப்பார். அடுத்த முறை திறக்கும்போது ஒன்றாவது மல்லாந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். சக்கரத்தின் அதிர்வில் புரள்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? பெரும்பாலும் புரண்டு கிடப்பது அந்த ஒன்பது வயதுக் கண்தான்.

அது அவர் மகளின் கண்.

இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால், சக்கரத்துக்கு மேல் இருக்கும் கண்ணாடி மூடியில் கீறல் விழுந்து மங்கிப் போயிருந்தது. மெருகேற்றும் கண்ணின் விளிம்பு சரியாகத் தெரியவில்லை என்று அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். புதியது வாங்கி மாட்ட நாளைக்கு நாளைக்கு என்று இரண்டு வாரம் ஓடிவிட்டது. அன்று மகள் பள்ளிக்கூடம் விட்டு நேரே மாடிக்கு வந்தாள். சக்கரம் ஓடும்போது கிட்டே வரக் கூடாது என்பது வீட்டில் சட்டம். ஆனால் அன்று ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்திருந்தாள், சட்டமெல்லாம் அவள் தலையில் நிற்கவில்லை. முழங்கையைப் பிடித்து அப்பா அப்பா என்றாள். அவர் திரும்பாமல், ஒரு நிமிஷம் இரும்மா என்றார். சக்கரத்தின் விளிம்பு தெறித்தது அந்த ஒரு நிமிஷத்தில்தான்.

பிள்ளை சொன்ன பேச்சுக் கேட்காமல் போய் நின்றுவிட்டாள், யாரைக் குறை சொல்வது என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. புது மூடியை வாங்கி மாட்டினார். மனைவி மாடிக்கு வந்தபோது அந்த மூடியையும், பளபளவென்று இருந்த நாலு திருகாணிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

காயம் ஆறியதும் மகளுக்கு அவரே கண் செய்தார். ஊரில் வேறு ஆள் இல்லை என்பதல்ல, வேறு ஆளிடம் விட மனசு இல்லை. தன் வாழ்நாளில் அப்படி ஒரு கண்ணை அவர் செய்ததில்லை, பெற்றவளே எது எதுவென்று தடுமாறினாள். பொருத்திவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். குழந்தை பார்த்தது. பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தது. அரைமணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. அழுகைக்கு நடுவில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை, குற்றம் சாட்டவில்லை, அப்பா என்றுகூடக் கூப்பிடவில்லை. வெறும் அழுகை. அது தன்னைப் பார்த்து ஏதோ கேட்பது போல் அவருக்கு இருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் அந்தப் பொய் வாயில் வந்தது.

"அழக் கூடாதும்மா. கண்ணீர் உப்பு. பெயிண்ட் கரைஞ்சு கண்ணு வெளுத்துப் போயிடும்."

வேறு எந்த அப்பன் சொல்லியிருந்தாலும் அந்தக் குழந்தை நம்பியிருக்காது. இவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்யும்? அவர் வண்ணம் குழைப்பதைத் தினம் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. தூரிகையைத் தண்ணீரில் விட்டால் நிறம் கரைவதைப் பார்த்த பிள்ளை. வண்ணத்துக்கு மேல் போட்ட பிளாஸ்டிக் படலம் கடலில் போட்டாலும் கரையாது என்பது அவருக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது. இழுத்த மூச்சை அப்படியே நிறுத்தியது. தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. அவ்வளவுதான், அழுகை நின்றது. அவருக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது என்பதை மறைப்பானேன். அந்த ஒரு கண நிம்மதிக்குத்தான் அவர் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவள் அழவே இல்லை. விழுந்து முட்டி கிழிந்தபோது அழவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒற்றைக்கண்ணி என்று கேலி செய்தபோது அழவில்லை. பிரசவத்தில்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாளாம், மருத்துவச்சி பயந்துபோய்க் கன்னத்தில் தட்டினாளாம். கை கால் முறிந்தவர்களுக்கு நடை பழக்கும் வேலை அவளுக்கு. வலி தாங்காமல் பெரிய பெரிய ஆட்களெல்லாம் கதறும்போது, இன்னும் பத்து அடி என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு நிற்பாள். கெட்டிக்காரி, இரும்பு மனசு என்று அங்கே நல்ல பெயர்.

அதே இரும்பு மனசுக்கு அம்மா செத்த அன்று வேறு பெயர் கிடைத்தது. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், அம்மாவின் தலைமுடியை வாரிவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பெற்றவள் போய்க் கிடக்கிறாள், கல்நெஞ்சக்காரி எப்படி நிற்கிறாள் பார் என்று அவரோடு கூடப் பிறந்த அக்காவே அவர் காதுபடச் சொன்னாள். அவள் கல்நெஞ்சக்காரி இல்லை, நான்தான் அவள் அழுகையைப் பிடுங்கினேன் என்று அவர் அங்கே சொல்லியிருக்க வேண்டும். எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றார். ஆறு வருடம் ஆகிறது. அந்த அக்காவையும் மன்னிக்கவில்லை, தன்னையும் மன்னிக்கவில்லை.

ஒவ்வொரு புதுக் கண் செய்யும்போதும், இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். பொருத்துவார், கண்ணாடியைக் கொடுப்பார், எழுந்து வெளியே போய்விடுவார். அழாத மகளுக்கும் அதே பத்து நிமிடம். ஆறு கண் ஆயிற்று. ஏழாவதற்கு அவள் வந்தபோது அவளுக்கு முப்பத்து மூன்று வயது, அவருக்கு அறுபத்தைந்து. இடையில் ஒருமுறை நெஞ்சு வலி வந்து ஒரு வாரம் படுத்து எழுந்திருந்தார். இதைச் சொல்லாமலே போய்விடுவோமோ என்ற பயம் அந்தப் படுக்கையில் அவரோடு படுத்திருந்தது.

அன்று மதியம் அவள் தன் நாலு வயது மகளையும் கூட்டி வந்தாள். அதை எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள், அந்தப் பெயருக்குக் குறை வைக்காத பிள்ளை. முன்னறை அக்காவின் கைப்பையைக் கவிழ்த்தது, நாற்காலியைச் சுற்றி மூன்று தடவை ஓடியது, தாத்தாவின் மேஜை மேல் தட்டில் வரிசையாக இருந்த கண்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னது. அவர் மகளின் பழைய கண்ணைக் கழற்றிக் கழுவி வைத்துவிட்டு, புதியதன் விளிம்பைச் சக்கரத்தில் கடைசியாக ஒரு தடவை தொட்டு எடுத்தார். சக்கரத்தை நிறுத்தினார். ஓசை இளைத்தது. அவர் வழக்கம்போல் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாண்டு கீழ் இழுப்பறையை இழுத்திருந்தது. உள்ளே மல்லாந்து கிடந்த கண் தன்னையே பார்க்கவும், அலறியடித்துக்கொண்டு இழுப்பறையைத் தள்ளியது. விரல் மாட்டிக்கொண்டது.

வீறிட்டது குழந்தை. அறை முழுக்க அழுகை. மகள் நாற்காலியிலிருந்து பாய்ந்து, இழுப்பறையைத் திறந்து விரலை எடுத்து, வாயருகே வைத்து ஊதினாள். குழந்தை இன்னும் பெரிதாக வீறிட்டது. குழந்தையின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"அழக் கூடாது. அழக் கூடாது சொல்லிட்டேன். அழுதா கண்ணு வெளுத்துடும்."

குழந்தை நடு மூச்சில் நிறுத்தியது.

இருபத்து நாலு வருடமாக அந்தச் சக்கரத்துக்குள் அவர் கேட்ட அதே நிறுத்தல். அதே இடத்தில், அதே அளவில். தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியதைக்கூட அவர் பார்த்தார். சக்கரம் அதற்குள் நின்றிருந்தது, அறையில் வேறு சத்தமே இல்லை.

முன்னறை அக்கா ஓடிவந்து, விரலுக்குக் குளிர்ந்த தண்ணீர் வைக்கலாம் வா என்று வாண்டைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது அது அழவில்லை, விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மகள் ஒன்றும் நடக்காதது போல் வந்து நாற்காலியில் சாய்ந்தாள். அவர் கையைக் கழுவினார். இன்னொரு தடவை கழுவினார். மேல் இமையைத் தூக்கிக் கண்ணைச் செருகி, கீழ் இமையை இழுத்துவிட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் ஈரம் பரவாமல் பொத்தான் மாதிரி இருந்தது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான், சொட்டு மருந்து விட்டால்தான் உயிர் வரும். அவள் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டார்.

"போங்கப்பா. பத்து நிமிஷம். எனக்குப் பழக்கம்தானே," என்று சிரித்தாள். "நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? தட்டுல இருக்கற கண்ணையெல்லாம் எண்ணுவேன். போன தடவை நாப்பத்தொண்ணு இருந்துச்சு."

அவர் கதவு வரை போனார். தாழ்ப்பாளில் கை வைத்தார். வெளியே குழந்தை அழுதுகொண்டிருந்தால் அவர் போயிருப்பார், வழக்கம்போல் படி இறங்கியிருப்பார். வெளியே சத்தமே இல்லை. நசுங்கிய விரலோடு ஒரு நாலு வயதுக் குழந்தை சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அந்த அமைதி அவரைத் திருப்பி அனுப்பியது. வந்து மகளுக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"பாப்பா, நான் உனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கேன்," என்றார். "அழுதா பெயிண்ட் கரையாது. எதுலயும் கரையாது. கண்ணு வெளுக்காது. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவள் கண்ணாடியை மடியில் வைத்தாள்.

"தெரியும்பா," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் ஏதோ அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வது போல் சொன்னாள். பதினைந்து வயதில் ஒரு நாள் கண்ணைக் கழற்றி ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரில் போட்டு, கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தாளாம். மூன்று நாள் அம்மாவுக்குத் தெரியாமல், தலைவலி என்று போர்த்திப் படுத்துக்கொண்டாளாம். நாலாவது நாள் எடுத்துப் பார்த்தால் கண் போட்டது போட்டபடி இருந்தது. ஒரு நரம்புகூட மங்கவில்லை.

"அப்புறம் கதவைச் சாத்திட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு அழுது பாத்தேன்," என்றாள். "வரலப்பா. எவ்வளவோ முயற்சி பண்ணேன். அதுக்குள்ள வர்றது நின்னு போயிருந்துச்சு. அம்மா போனப்பவும் வரும்னு பாத்தேன்."

இத்தனை வருடம் அவர் நெஞ்சில் பொத்தி வைத்திருந்த ரகசியம், அவள் பதினைந்து வயதில் டம்ளரில் போட்டுப் பார்த்த விஷயம். அதைக் கேட்டு அவர் கூனிப்போனார். பொய்யை அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் கண்டுபிடித்தும் அவரிடம் வந்து ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது ஏன் என்று அவர்தான் இப்போது கேட்டார்.

"உங்களுக்கு என் மேல கோவம்னு நெனச்சேன்," என்றாள் அவள். "கிட்ட வராதேன்னு சொல்லியும் வந்தேன்ல. நானே வந்து நின்னுட்டு, நானே அழுதா உங்களுக்கு எரிச்சலா இருக்காதா? அதான் நிறுத்தச் சொன்னீங்கன்னு நெனச்சேன். தப்புப் பண்ணவ அழக் கூடாதுன்னு."

ஒன்பது வயதிலிருந்து இந்தப் பிள்ளை இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறது. அவர் சுவரோரத்தைப் பார்த்தார், பழைய மூடி அங்கே இன்னும் சாய்ந்து நிற்பது போல் இருந்தது.

"சக்கரத்துக்கு மூடி போடல பாப்பா. ரெண்டு வாரமா கழட்டி வெச்சிருந்தேன். அது இருந்திருந்தா உன் கண்ணு இருந்திருக்கும். நீ வந்து நின்னதுல ஒண்ணும் இல்ல. நீ அழுதப்போ என்னைக் கேள்வி கேக்குற மாதிரி இருந்துச்சு. பதில் என்கிட்டதான் இருந்துச்சு. சொல்லத் தைரியம் இல்ல. அதான் வாயை அடைச்சேன்."

நல்ல கண் அவரைப் பார்த்தது. அவர் செய்த கண்ணும் பார்த்தது. திட்டட்டும், எழுந்து போகட்டும், இனிமேல் இந்தப் படியே ஏறாமல் இருக்கட்டும் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஜன்னலுக்குக் கீழே யாரோ செருப்பின் விலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வாண்டு அழுதா எனக்கு இங்க வந்து அடைக்குதுப்பா," என்றாள் கடைசியில், தொண்டையைத் தொட்டுக் காட்டி. "எப்படியாவது நிறுத்தினாப் போதும்னு ஆயிடுது. பொய்னு தெரிஞ்சே சொல்றேன்." குரல் மாறிக் கேட்டாள். "இப்ப நான் அழுதா நீங்க எழுந்து போயிடுவீங்களா?"

"போகமாட்டேன்," என்றார்.

வந்தது. முதலில் அது அழுகை மாதிரியே இல்லை, ரொம்ப நாள் திறக்காத கதவை இழுப்பது போல் ஒரு வறண்ட சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. அவளே பயந்து வாயைப் பொத்தினாள். அவர் அந்தக் கையைப் பிடித்து விலக்கினார். அப்புறம் முழுசாக வந்தது. முப்பத்து மூன்று வயதுப் பெண்ணின் அழுகை இல்லை அது. அவருக்கு அந்தக் குரல் தெரியும், அந்த ஏற்ற இறக்கம் தெரியும். சக்கரத்துக்குள் நடு மூச்சில் நின்றுபோன அழுகை, நின்ற இடத்திலிருந்து மேலே போயிற்று. அவர் கால்கள் எழுந்துவிடத் துடித்தன. முக்காலியின் விளிம்பை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறுகையில் அவள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா, அம்மா என்று ஒரு இடத்தில் அழுதாள். ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்ததை அன்றைக்கு நீங்கள் கேட்கவே இல்லையே என்று ஒரு இடத்தில் அழுதாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

இரண்டு கண்ணிலிருந்தும் வழிந்தது. அவர் செய்த கண் பளபளவென்று நனைந்து, எது எதுவென்று அவருக்கே ஒரு கணம் தெரியவில்லை.

பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. கதவு மெல்லத் திறந்தது. முன்னறை அக்கா திகைத்துப்போய் நின்றாள், அவள் இடுப்பில் வாண்டு. அக்கா பதறிப்போய்க் கதவைச் சாத்தப் பார்க்க, வாண்டு வழுக்கி இறங்கி உள்ளே வந்துவிட்டது. அம்மா அழுது அது பார்த்ததே இல்லை. கிட்டே வந்து, அம்மா முகத்தை அண்ணாந்து பார்த்து, அவளிடம் கேட்காமல் தாத்தாவிடம் கேட்டது.

"தாத்தா, அம்மா கண்ணு வெளுத்துடுமா?"

"வெளுக்காதுடா," என்றார். "நான் பண்ண கண்ணு. எவ்வளவு அழுதாலும் வெளுக்காது. தாத்தா அப்போ பொய் சொல்லிட்டேன்."

"என் கண்ணு?"

"உன் கண்ணும் வெளுக்காது. யார் கண்ணும் வெளுக்காது."

குழந்தை அவரைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. அப்புறம் வீங்கிப்போயிருந்த தன் விரலைப் பார்த்தது. அதன் உதடு மெல்லப் பிதுங்கியது. இழுப்பறையில் விரல் நசுங்கி முக்கால் மணி நேரம் கழித்து, அது அழ ஆரம்பித்தது. மகள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த அறையில் யாரும் அதை அழாதே என்று சொல்லவில்லை.